ஓமும் தொம்மும்

இங்கே டென்மார்க்கில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பி சுற்றி வளைக்காமல் சொன்னார்: "அண்ணை, எல்லாரும் மீன் வெட்டினது, கோழி பொதி செய்தது, வயோதிபர் இல்லத்திலை படுக்கை விரிச்சது எண்டுதான் எழுதித் தந்திருக்கினம். நீங்கள் துவக்குத் திருத்தினனீங்களாம். அதை எழுதுங்கோ. கொஞ்சம் வீரமா எழுதுங்கோ."

வீரத்துக்கு நான் எங்கே போவது? என் உத்தியோகக் காலம் முழுவதும் ஒருநாள்கூட லீவு எடுக்காமல் என்னோடு வேலைக்கு வந்தது என் பயம் மட்டும்தான். நான் காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட அது தனியாகப் போய் வந்திருக்கும். ஆகவே தம்பி மன்னிக்க வேண்டும். நடந்தது நடந்தபடியே, பயந்தது பயந்தபடியே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் தண்ணீர்ப் பம்பும் தையல் மெசினும் திருத்தியவன். எண்பதுகளின் நடுப்பகுதியில் அங்கே துவக்கு வெடிக்கும் சத்தம் கூடியபோது, துவக்குப் பிடித்தவர்களில் எந்தத் தரப்பைக் கண்டாலும் எனக்கு ஒரே மாதிரி வயிறு கலங்கியது. பாரபட்சம் பார்க்காத வயிறு. அந்த வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மனைவி மலரையும் மகளையும் கொழும்பில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு டென்மார்க் வந்து சேர்ந்தேன். ஸ்கீவ என்ற நகரிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருத்தினார்கள். மொழி வகுப்பு, குளிர், மறுபடியும் மொழி வகுப்பு. பிறகு கொமுன எனப்படும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு அம்மா என் தொழிற்சான்றிதழைப் பார்த்து, சின்ன இரும்பு வேலை தெரிந்தவன் என்று மகிழ்ந்து, பயிற்சிக்கு ஓர் இடம் பிடித்துத் தந்தார். "பூஸமேயர்" என்றார். அதில் "மேயர்" மட்டும்தான் எனக்கு விளங்கியது. நகரசபையில் ஏதோ வேலை என்று நினைத்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். சுவர் முழுவதும் துவக்குகள். பூஸமேயர் என்றால் துவக்குத் திருத்துபவராம்.

என்னோடு வீட்டில் கூட இருந்த மன்னார் பிரான்சிஸ் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு டெனிஸ்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

"டேய், துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவனைப் பிடிச்சுத் துவக்குக் கடையிலை விட்டிருக்கிறாங்கள். ஆண்டவர் உன்னோடை பகிடி விடுறார்டா!"

"எனக்குச் சிரிப்பு வரேல்லை."

"உனக்கேன் வரவேணும்? அவருக்கு வந்தாக் காணும்."

பட்டறையின் முதலாளி கெர்டா. கணவர் காலமான பிறகு கடையை அவர்தான் நடத்தினார். கணவர் இருந்தபோதே நுட்பமான வேலையெல்லாம் அவருடையதுதான் என்று ஊரில் சொல்வார்கள். உயரமான பெண். மூக்குக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இனி அவரும் மற்ற டெனிஸ்காரரும் கதைத்ததை யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதப் போகிறேன். என் ஞாபகத்துக்குள் அவர்கள் எப்போதோ அப்படிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள், நான் என்ன செய்ய.

அந்தப் பகுதி ஆட்கள் "யா" என்று ஆமோதிப்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வார்கள். யாராவது காலில் கொதிநீரை ஊற்றினால் நாங்கள் இழுப்போமே, அந்த மாதிரி. இதை மொழி வகுப்பில் சொல்லித் தரவில்லை. முதல் நாள் கழிவறைக்குப் போகலாமா என்று கெர்டாவிடம் கேட்டேன். "ஹ்யா!" என்று மூச்சை இழுத்தார். கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன் என்று மாலைவரை அடக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் ஏசமாட்டார். பிழையாக ஒன்றைச் செய்துவிட்டால், அந்தப் பாகத்தை எனக்கு முன்னால் வைத்து, மேசை விளக்கை அதன் பக்கம் திருப்பிவிட்டு, கோப்பி போடப் போய்விடுவார். கோப்பியோடு திரும்பி வருவதற்குள் பிழையை நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஏசியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் என் கை ஏதாவது ஒரு திருகாணியைத் தேடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் இரும்பு. எந்தத் துவக்கும் கைமாறும்போது, வாங்குகிறவர் அதைத் திறக்க வேண்டும், உள்ளே பார்க்க வேண்டும், துவக்குக் குண்டான ரவை இருக்கும் அறைக்குள் சின்ன விரலை விட்டுத் தடவ வேண்டும். பிறகு வாய்விட்டு "தொம்" என்று சொல்ல வேண்டும். டெனிஸில் தொம் என்றால் வெறுமை. கொடுத்தவர் இப்போதுதான் பார்த்தார் என்பது கணக்கில்லை. ஒரு துவக்கை என் கையில் தந்து, நான் "தொம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால், அவர் மறுபடியும் திறந்து, பார்த்து, தடவி, "தொம்" என்பார். வெளியாள் யாராவது கேட்டால் இரண்டு பேரும் தவில் பழகுகிறோம் என்று நினைத்திருப்பார்.

ஹொல்கர் கதைக்குள் வருவது இங்கேதான். ஹொல்கர் எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர். வெளிநாட்டவர் அலுவல்கள் எல்லாம் அவருடைய மேசையில். கெர்டாவின் கடையில் நான் துவக்கைத் தொடலாம் என்ற அனுமதியில் கையெழுத்து வைத்தவரும் அவர்தான். மலரையும் மகளையும் கூப்பிடுவதற்கு நான் போட்ட விண்ணப்பம் கிடந்ததும் அவருடைய மேசையில்தான். அவர் விசாரித்து, தன் அபிப்பிராயத்தை எழுதி மேலே அனுப்ப வேண்டும். அந்த மேசைக்கு முன்னால் போய் இருக்கும் போதெல்லாம், அவர் என்ன கேட்டாலும் நான் "ஓம் சேர், ஓம் சேர்" என்றுதான் சொல்லியிருப்பேன். "சேர் எண்டு சொல்லத் தேவையில்லை, ஹொல்கர் எண்டு கூப்பிடும்" என்றார். "ஓம் சேர்" என்றேன்.

ஒரு இலையுதிர் காலத்து முற்பகல். கெர்டா பலகைத் தட்டிக்குப் பின்னால், உள் அறையில், தொலைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கடை வாசல் மணி அடித்தது. சீருடை இல்லாமல், ஒரு சின்னப் பெட்டியோடு ஹொல்கர் நின்றார். அவர் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் வார இறுதிகளில் குறி பார்த்துச் சுடுகிறவர். பெட்டிக்குள் அவருடைய தகப்பன் காலத்துப் பிஸ்டல் இருந்தது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு மேலே உள்ள ஸ்லைட் தானாகப் பின்னுக்குப் போய், வெடித்த ரவையின் வெற்றுக் கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் பழைய வகை.

ரவைகள் அடுக்கும் மகசினை உருவி மேசையில் வைத்தார். ஸ்லைட்டை ஒருமுறை பின்னுக்கு இழுத்து விட்டார். ஒன்றும் வெளியே விழவில்லை.

"பாரும், தொம்," என்று என்னிடம் நீட்டினார்.

இப்போது நான் அதை வாங்கி, திறந்து, பார்த்து, விரலை விட்டுத் தடவ வேண்டும். யாருடைய முகத்துக்கு முன்னால்? என் மனைவியின் விண்ணப்பக் கோப்பை மேசையில் வைத்திருக்கிற பொலிஸ்காரரின் முகத்துக்கு முன்னால். சேர், நீங்கள் சொல்வதை நான் நம்பமாட்டேன், சற்றுப் பொறுங்கள், விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தமாகாதா? எங்களூரில் ஒரு கிராமசேவகரிடம்கூட நாங்கள் அப்படிச் செய்ததில்லை. நான் வாங்கினேன். திறப்பதற்குப் பெருவிரலையும் வைத்தேன். அந்த அரை வினாடியில் ஹொல்கர் புருவத்தை உயர்த்தியது போல எனக்குப் பட்டது. "ஓம், ஓம்" என்று அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அதே நேரம், ஸ்லைட் இழுபட்ட சத்தம் கேட்டு, உள் அறையிலிருந்து கெர்டா வழக்கம் போலக் கேட்டிருக்கிறார்: "தொம்?"

அவர் காதில் விழுந்த பதில் "தொம், தொம்." நல்லது என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிக்குத் திரும்பிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து டென்மார்க்கின் யூட்லாந்தில் துவக்குத் திருத்தப் போன ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு விபத்து அமையாது. ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்" அவர்களுடைய "தொம்" மாதிரியே இருக்கிறது. முன்னால் ஒரு "த" தான் குறைவு. அந்த ஒரு எழுத்தின் இடைவெளியில் ஒரு ஆள் செத்துப் போகலாம்.

"எல்லா இடமும் ஆடுது," என்றார் ஹொல்கர். "குறி ஒண்டு, போறது வேறை இடம். என்ரை மனிசி சொல்லுறா, அதுக்கும் உங்களுக்கும் ஒரே வயசு, ரெண்டையும் ஒண்டாக் குடுத்துத் திருத்துங்கோ எண்டு."

நான் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் பிஸ்டலைக் காதருகே பிடித்து மெல்லக் குலுக்கினேன். கடகட என்றது. குழலின் நுனியில் இருக்கும் வளையம் தேய்ந்து ஆடியது. ஸ்லைட் தன் தண்டவாளத்தில் பக்கவாட்டில் அசைந்தது. ஹொல்கர் சொல்லிக்கொண்டே போனார். "சில நேரம் வெற்றுக் கோது வெளியாலை வராது. உள்ளுக்கையே நிண்டிடும். பேனாக்கத்தியாலை கிண்டி எடுக்க வேண்டிக் கிடக்கு. எந்தப் பாகம் லூசாப் போச்சுதெண்டு பாரும். இந்த விசையும் ஆடுது, இஞ்சை பாரும்…"

என் கையிலிருந்து பிஸ்டலை எடுத்தார்.

அந்தக் காலத்தில் டெனிஸில் கேட்கிற வசனம் என் தலைக்குள் தமிழாகி வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். கொழும்புத் தபால் மாதிரி. விசை ஆடுகிறது என்பது முதலில் வந்து சேர்ந்தது. மனைவி சொன்ன பகிடி அதற்குப் பின்னால் வந்தது. கோது உள்ளே நின்றுவிடுகிறது என்பது கடைசியாக வந்தது.

கோதை உள்ளிருந்து இழுத்து எடுப்பது ஸ்லைட்டில் இருக்கும் ஒரு சின்னக் கொக்கி. கோது உள்ளே நின்றுவிடுகிறது என்றால் கொக்கி பிடிக்கவில்லை. கொக்கி வெற்றுக் கோதைப் பிடிக்கவில்லை என்றால், வெடிக்காத ரவையையும் பிடிக்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் அவர் ஸ்லைட்டை இழுத்தபோது ஒன்றும் விழவில்லை என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்தப் பிஸ்டல் வெறுமையாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். ஸ்லைட்டை இழுத்து விட்டதில் ரவையைத் தட்டி வெடிக்க வைக்கும் சுத்தியலும் பின்னுக்குப் போய் ஆயத்தமாக நின்றது. ஹொல்கரின் சுட்டுவிரல் விசையில். குழல் பலகைத் தட்டியைப் பார்த்தபடி. தட்டிக்கு அந்தப் பக்கம் கெர்டா யாருக்கோ வானிலை பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, பொறுங்கோ!"

தமிழில்தான் கத்தினேன். படித்த டெனிஸ் முழுவதும் அந்த நேரத்தில் லீவில் போய்விட்டது. மேசைக்கு மேலால் பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் குழலை நிலத்தைப் பார்க்கத் திருப்பினேன். "ஃபிங்கர்! ஃபிங்கர்!" என்றேன். வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான்.

ஹொல்கர் விரலை எடுத்தார். அவருடைய முகம் கழுத்திலிருந்து மேல் நோக்கிச் சிவந்ததை நான் மிகக் கிட்ட நின்று பார்த்தேன். அவருடைய கை இன்னும் என் பிடியில்.

"என்ன செய்யிறீர்?" என்று மெல்லக் கேட்டார். உரக்கக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"தொம் இல்லை… இருக்கலாம்… தொம் இல்லாமல் இருக்கலாம்…"

"நான் பொலிஸ்காரன்."

"ஓம் சேர்."

கெர்டா வெளியே வந்தார். எங்கள் இருவரையும், பிடித்திருந்த கையையும் பார்த்தார். உள்ளங்கையை நீட்டினார். ஹொல்கர் பிஸ்டலை அதில் வைத்தார். கெர்டா குழலை மூலையில் வைத்திருந்த மணல் வாளிப் பக்கம் திருப்பி, ஸ்லைட்டைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். சின்ன விரலை உள்ளே விட்டார். "ஹ்யா" என்று மூச்சை இழுத்தார். அன்றைய அந்த இழுப்பு ஆமாவா, திடுக்கிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றால் உள்ளே விளிம்பைக் கிளப்பினார். பச்சைத் துணி விரிப்பில் ஒரு ரவை வந்து விழுந்து, உருண்டு, ஹொல்கரின் பெட்டியில் முட்டி நின்றது.

ஹொல்கர் தட்டியைப் பார்த்தார். பிறகு கெர்டாவைப் பார்த்தார். வாடிக்கையாளருக்கென்று கிடந்த கதிரையில் இருந்தார். சங்கத்தில் கடைசியாகச் சுட்டது, ஒரு ரவை மிச்சம் வந்தது, ஸ்லைட்டை இழுத்தது என்று ஏதோ முணுமுணுத்தார். கெர்டா கோப்பி போடப் போனார். அன்றைக்கு விளக்கு யார் பக்கம் திரும்பியிருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஹொல்கர் கோப்பி வருவதற்கு முன்பே தொப்பியையும் எடுக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. ரவைக்குப் பயந்தது ஒரு கண நேரம். நான் கையைப் பிடித்து அவமானப்படுத்திய மனிதனின் மேசையில் என் மனைவியின் கோப்பு கிடக்கிறது என்ற பயமோ மாதக்கணக்கில் நீண்டது.

கெர்டா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார். "பாக்காமல் ஏன் தொம் எண்டு சொன்னனீர்?"

"நான் தொம் எண்டு சொல்லேல்லை. ஓம் எண்டனான்."

"ஓம் எண்டா?"

"ஓம் எண்டா… யா."

கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் இதுவரை தவில் வாசித்த நாட்களையெல்லாம் அவர் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது. "அப்ப இவ்வளவு காலமும் நீர் சொன்னது?"

"அது எல்லாம் தொம். 'த' போட்ட தொம். சத்தியமா."

சிரிப்பா, நடுக்கமா தெரியாது, அவருடைய தோள் குலுங்கியது. அன்றிலிருந்து கடைக்குள் "ஓம்" தடை. நானும் அவர்களைப் போல மூச்சை உள்ளே இழுத்துத்தான் ஆமோதிக்க வேண்டும். அந்தச் சத்தத்தை எதனோடும் மாறாட்டம் செய்ய முடியாது. பழகிப் பழகி அது கடைக்கு வெளியிலும் தொற்றிவிட்டது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது மலர் பதறினாள்: "என்னப்பா, உங்களுக்கு இழுப்போ? மருந்து எடுக்கிறீங்களோ?"

பிஸ்டலை நாங்கள் இருவரும் சேர்ந்து கழற்றினோம். கழற்றிய ஸ்லைட்டை எடுத்து, வெடிமருந்தில்லாத மாதிரி ரவை ஒன்றைக் கொக்கிக்குள் செருகி, மெல்லக் குலுக்கிப் பார்க்க வேண்டும். கொக்கி நல்லதென்றால் ரவை விழாமல் தொங்கும். இது நான் கையில் எடுத்ததுமே நழுவி விழுந்தது. கொக்கியின் முதுகுப் பக்கம் பழைய கிறீஸ் தாராகி இறுகியிருந்தது. கொக்கி வளைந்து நின்று அழுத்துகிற விறைப்பை இழந்திருந்தது. அதைப் பின்னால் அசையாமல் தாங்கும் சின்னத் தகடும் தேய்ந்து, கொக்கி தன் இடத்தில் மெல்லச் சுழன்றது. கெர்டா மேசை லாச்சியிலிருந்து புதுக் கொக்கியும் தகடும் எடுத்துத் தந்தார். தகட்டை அரத்தால் ஒரு இழுப்பு, பொருத்திப் பார்த்தல், மறுபடி ஒரு இழுப்பு. கூடத் தேய்த்தால் பழைய கதை, குறைத்துத் தேய்த்தால் ஏறாது. கடைசியில் மாதிரி ரவை தொங்கியது. குலுக்கினேன், விழவில்லை. நான்தான் விழப் பார்த்தேன்.

"மற்ற ஆட்டம்? நுனி வளையம், ஸ்லைட்?" என்று கேட்டேன்.

"வளையம் புதுசு போடுவம். ஸ்லைட்டை விடும். இந்த வயசிலை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். சத்தம் போடுறது எல்லாம் பழுதில்லை. இந்தக் கொக்கி ஒரு நாளும் சத்தம் போடேல்லையே."

வீட்டில் பிரான்சிஸ் விடவில்லை.

"மச்சான், உன்ரை மனிசியின்ரை கோப்பு இப்ப எங்கை கிடக்கும் தெரியுமோ?"

"வாயை மூடு."

"அந்தாளின்ரை கதிரைக்குக் கீழை. ஆடுற காலுக்கு அண்டை குடுத்து வைச்சிருப்பான்."

பகிடி விட்டுவிட்டு அவனே பிறகு கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினான் என்று வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹொல்கர் பிஸ்டலை எடுக்க வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நான் திறந்து, பார்த்து, தடவி, "தொம்" என்று நீட்டினேன். அவர் வாங்கினார். திறந்தார். குனிந்து பார்த்தார். தடித்த விரலை மெல்ல உள்ளே விட்டார். "தொம்." பெட்டிக்குள் வைத்து மூடினார். விண்ணப்பம் பற்றிக் கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் வேலைக்குக் கூலி கேட்பது போலாகும். கேட்காவிட்டால்? அவர் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அந்தக் குளிர்காலம் முழுக்க, கதவுத் துவாரத்தால் கடிதம் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கோப்பியை உடுப்பில் ஊற்றிக்கொண்டேன்.

மலருக்கும் மகளுக்கும் அனுமதி வந்தது. அவர் என்ன எழுதினார், விரைவுபடுத்தினாரா, இழுத்தடித்தாரா, மற்றவர்களுக்கு வருகிற மாதிரித்தான் வந்ததா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மலரும் மகளும் வந்த மறுநாள், பதிவு செய்வதற்கு அவர்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். எங்களைக் கண்டதும் ஹொல்கர் எழுந்து நின்றார். அந்த மேசைக்குப் பின்னால் அவர் எழுந்து நின்று நான் கண்டதில்லை. மலரின் கையைப் பிடித்துக்கொண்டு டெனிஸில் பேசத் தொடங்கினார். தன் கையில் இருந்த பிஸ்டலைப் பற்றிச் சொன்னார். தட்டிக்கு அந்தப் பக்கம் கெர்டா இருந்ததைச் சொன்னார். கெர்டாவும் தானும் சின்ன வயதில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்றார். இதை இன்னும் தன் மனைவிக்கே சொல்லவில்லை, சொல்லத் தைரியம் வரவில்லை என்றார். உங்கள் கணவர் என் கையைப் பிடிக்காமல் விட்டிருந்தால், என்று தொடங்கியவர் அதை முடிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "எல்லாத்தையும் இவவுக்குச் சொல்லும், ஒண்டும் விடாமல் சொல்லும்" என்றார்.

வழியில் கடிதங்களை உடைத்துப் படிக்கிறார்கள் என்ற பயத்தில் நான் துவக்கு என்ற சொல்லை மலருக்கு எழுதியதும் இல்லை, தொலைபேசியில் சொன்னதும் இல்லை. தையல் மெசின் திருத்துகிறேன் என்றுதான் எழுதியிருந்தேன். வந்த களைப்பில் இருந்தவளிடம் முதல் நாளும் சொல்லத் துணியவில்லை. இனி ஒரு பொலிஸ்காரருக்கு முன்னால் வைத்துத் துவக்கு என்று தொடங்கினால், அவள் அடுத்த விமானத்தைக் கேட்பாள்.

"என்னவாம்?" என்றாள் மலர்.

"இஞ்சை சரியான குளிராம். நல்ல உடுப்புப் போடட்டாம்."

மலர் ஹொல்கரை ஏறிட்டுப் பார்த்தாள். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"இதைச் சொல்லவோ அப்பா இந்த மனிசன் அழுறார்?"

"நல்ல மனிசன்," என்றேன்.

அவள் ஹொல்கரைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு, அவர் மனம் ஆற வேண்டும் என்பதற்காக, அவர் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து மகளின் கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.